மஞ்சள் தாளும் பால்மரப் பட்டையும்: வீட்டில் படிக்கும் ஒரு சிறுமியின் கலைப்பயிற்சி குறித்த நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத்துக் குடும்பம். அப்பாவுக்குச் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் வேலை. அம்மா வீட்டிலிருந்தே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார். அப்பாவைப் பெற்ற பாட்டி, வேலை செய்த காலம் முழுக்கப் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். ஒரே மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள்; இங்கேயும் அந்தப் பெயரே போதும். குடும்பத்தை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பாப்பாவுக்குச் சிறுநீரில் புரதம் போகும் நோய். அதற்கு ஸ்டீராய்டு மருந்து ஓடுகிறது. மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்பதால், கிருமி தொற்றக்கூடிய கூட்டத்திலிருந்து கொஞ்ச காலம் தள்ளி வைக்கச் சொன்னார் மருத்துவர். இரண்டாம் ஆண்டின் நடுவில் பள்ளி நின்றது. மலேசியாவில் 2003ஆம் ஆண்டு முதல் ஆறாண்டுத் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டும் சேர்த்தோ விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எனவே மருத்துவர் கடிதத்தோடு விண்ணப்பித்து, முறைப்படி விலக்கு வாங்கிய பிறகுதான் வீட்டுக்கல்வி தொடங்கியது. அந்த அலைச்சல் தனிக்கதை, இங்கே வேண்டாம்.

நான் தமிழ்ப்பள்ளியில் காட்சிக்கலைக் கல்வி கற்பித்து ஓய்வு பெற்றவள். கணக்கு, மொழிப்பாடங்களை அம்மாவே பார்த்துக்கொண்டார். என்னிடம் வந்தது சனிக்கிழமைக் காலை மட்டும். முதல் நாள் அம்மா சொன்னது இதுதான்: "படம் வரைய உக்காந்துடுவா டீச்சர். ஆனா சொந்தமா எதுவும் யோசிக்க மாட்டேங்கிறா. என்ன வரையட்டும், என்ன வரையட்டும்னு கேட்டுக்கிட்டே இருப்பா."

தொடக்கத்தில் பார்த்தவை

எதையாவது வரைந்து காட்டு என்றேன். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், கீழே வளைந்து வரும் ஆறு, ஓரத்தில் தென்னைமரம், ஒரு குடிசை. இந்தப் படத்தை வரையாத பிள்ளையை நான் என் வேலைக்காலத்தில் பார்த்ததே இல்லை. ஆனால் இவள் வீட்டு அடுப்படிச் சன்னலைத் திறந்தால் தெரிவது முக்கோண மலை அல்ல. செம்மோர்ப் பக்கமெல்லாம் பரவிக் கிடக்கும் அதே வகைச் சுண்ணாம்புக் குன்று. பக்கவாட்டில் செங்குத்தாக அறுத்து வைத்ததுபோல் வெள்ளைச் சுவர், உச்சியில் புதர். தினமும் பார்க்கும் குன்றை அவள் வரைய வேண்டிய ஒன்றாகவே நினைக்கவில்லை.

அம்மா முயற்சி செய்யாமல் இல்லை. காணொளி பார்த்து டிஷ்யூ உருளையில் ஆந்தை, ஐஸ்கிரீம் குச்சியில் வீடு, மணிலா அட்டையில் வாழ்த்து அட்டை என்று அலமாரி நிறைய இருந்தன. எல்லாம் கச்சிதம். நான் எதுவும் சொல்லாமல் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். கத்தரிக்கோல் யார் கையில் இருந்தது என்று மட்டும் குறித்துக்கொண்டேன். பெரும்பாலும் அம்மாவின் கையில்தான். பசை தடவும் வேலையும் கண் ஒட்டும் வேலையும் பாப்பாவுக்கு. கோணலாக ஒட்டினால் அம்மாவின் விரல் வந்து நேராக்கிவிடும். தையல்காரருக்குக் கோணல் பொறுக்காது. அது தொழில் பழக்கம், அவரைக் குறை சொல்ல முடியாது. முடிந்த பொருள் படமெடுக்கப்பட்டுக் குடும்ப வாட்ஸ்அப்புக்குப் போகும். ஈப்போ அத்தை கைதட்டு அனுப்புவார். பாப்பா அதைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவாள். செய்த பொருளை இன்னொரு முறை தொட்டதே இல்லை.

இன்னொரு விஷயம், பரிசு. நோய் வருவதற்கு முன் கோயில் பொங்கல் விழாவில் வண்ணம் தீட்டும் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியிருக்கிறாள். கோப்பை இன்னும் தொலைக்காட்சிக்கு மேலே இருக்கிறது. அதன்பிறகு எது செய்தாலும் "இதுக்கு என்ன குடுப்பீங்க?" என்று கேட்கத் தொடங்கினாளாம். இது இவள் ஒருத்தியின் குணம் இல்லை. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பாலர் பள்ளியில் செய்த ஒரு சோதனையை 1973இல் வெளியிட்டார்கள். மார்க்கர் பேனாவால் விரும்பி வரையும் பிள்ளைகளில் ஒரு சாராரிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு சான்றிதழ் எதுவும் இல்லாமல் மார்க்கரை வைத்தபோது, மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதிதான் அவர்கள் வரைந்தார்கள். பரிசு பற்றித் தெரியாமல் வரைந்து, கடைசியில் எதிர்பாராமல் பெற்ற பிள்ளைகளுக்கு அந்த இறக்கம் இல்லை. நம் ஊரில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பேரங்காடித் திறப்புக்கும் நடக்கும் வண்ணப் போட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சோதனை ஞாபகம் வரும்.

ஆக, பிள்ளைக்குக் கற்பனை இல்லை என்பது அம்மாவின் கணிப்பு. அவள் செய்யும் எதற்கும் முடிவு முன்கூட்டியே வேறொருவர் கையில் இருக்கிறது என்பது என் கணிப்பு. அங்கிருந்துதான் தொடங்கினோம்.

மாற்றியது என்ன

வீட்டில் மூன்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். மாதிரிப் பொருள் காட்டுவதில்லை. மார்க்கும் பரிசும் இல்லை. பாப்பா சரி என்று சொல்லும்வரை வாட்ஸ்அப்பில் போடுவதில்லை. மூன்றாவதுதான் அப்பாவுக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்புறம் இடம். சின்ன வீடு, இருக்கும் ஒரே மேசை தையல் மேசை. மாலையில் ரவிக்கை வேலை தொடங்கினால் பாப்பாவின் சாமான் எல்லாம் அள்ளி மூட்டை கட்டப்படும். பாதியில் நின்ற வேலையை அப்படியே விட்டு மறுநாள் தொடர இடமில்லை என்றால், பிள்ளை ஒரே மூச்சில் முடியக்கூடிய வேலையைத்தான் தேர்ந்தெடுக்கும். அப்பா பழைய அலமாரியின் பிளைவுட் கதவைக் கழற்றி, அடியில் நான்கு சிறு சக்கரம் போட்டுக் கொடுத்தார். வேலையை அதன்மேல் விரித்துக்கொள்ளலாம். சாப்பாட்டு நேரத்தில் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். இந்த ஆய்வில் ஒரே ஒரு விஷயத்தை மற்ற வீடுகளுக்குச் சொல்லச் சொன்னால் நான் இந்தப் பலகையைத்தான் சொல்வேன்.

பொருள்களைக் குறைத்தோம். அறுபது நிறக் கிரேயான் பெட்டி அலமாரிக்குப் போனது. நாளிதழ் அச்சகத்தில் மிஞ்சும் வெற்றுத் தாள், மூன்று கிரேயான், அட்டைப்பெட்டி, பசை, பாட்டியின் சமையலறை. இவ்வளவுதான். மண் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால் களிமண் பட்டியலிலேயே இல்லை.

பால்மரக் கோடுகள்

முதலில் உராய்வுப்படம். தாளை ஒரு பரப்பின்மேல் வைத்துக் கிரேயானைப் படுக்கையாகத் தேய்த்தால் அடியில் இருக்கும் மேடு பள்ளம் தாளில் வந்துவிடும். பள்ளியிலும் காட்சிக்கலைப் பாடத்தில் இது உண்டு. ஒரு இலை, ஒரு நாணயத்தோடு மணி அடித்துவிடும். இங்கே மணி இல்லை. பிரம்பு நாற்காலி, சன்னல் கிரில், சிலிப்பர் அடிப்பாகம், அம்மாவின் தையல் மெஷின் கால்மிதி என்று பாப்பா வீட்டையே தேய்த்து எடுத்தாள். என்ன வரையட்டும் என்ற கேள்வி இந்த வேலையில் எழவே வழியில்லை. கை முதலில் போகிறது, படம் பிறகு வருகிறது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறுதோட்டக்காரரின் பால்மரங்கள் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன; சுற்றிலும் மற்றதெல்லாம் செம்பனை ஆகிவிட்டது. ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் பாட்டி அவளை அங்கே கூட்டிப்போனார். வெட்டுப் பட்டையின்மேல் தாளை வைத்துத் தேய்த்தபோது, சாய்வாக, ஒன்றின்கீழ் ஒன்றாக மெல்லிய கோடுகள் வந்தன. இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும் கோடுகள்.

"பாட்டி, இது என்னா கோடு?"

"வெட்டுன கோடு. ஒரு தடவ வெட்டுனா நூலு கனத்துக்குத்தான் பட்ட போகணும். அதுக்கு மேல போனா தண்டல் கத்துவாரு." (தண்டல், தோட்டத்து வேலையை மேற்பார்ப்பவர்.)

"அப்பன்னா ஒரு கோடு ஒரு நாளா?"

பாட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு நாள் விட்டு ஒரு நாள்" என்றார்.

கணக்கும் சரிதான். ஒரு வெட்டுக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை போகும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டினால் மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர். பாப்பாவின் தாளில் ஒரு சாண் அளவுக்கு யாரோ ஒருவருடைய பல மாத உழைப்பு இருந்தது. ஓர் இடத்தில் கோடு உடைந்து முண்டாகத் தெரிந்தது. உளி ஆழமாக இறங்கி மரத்தைக் காயப்படுத்தினால், புதுப்பட்டை அந்த இடத்தில் முண்டு கட்டித்தான் வளரும். பாட்டி விரலால் தடவிப் பார்த்து, "இது எவனோ அவசரக்காரன்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து பாப்பா யாரும் சொல்லாமல் ஒரு வேலை தொடங்கினாள். நீளமான தாள்சுருள். தினம் ஒரு சாய்கோடு. நல்ல நாளென்றால் நேராக, ஊசி போட்ட நாளென்றால் முண்டோடு. மருத்துவமனைக்குப் போய்வந்த நாளின் கோடு பச்சை. அப்பாவோடு சண்டை போட்ட நாளுக்கு இரண்டு கோடு. ஏன் இரண்டு என்று கேட்டால் சொல்ல மாட்டாள். அந்தச் சுருள் இப்போது சன்னல் அகலத்தைத் தாண்டிவிட்டது. நான் இதில் ஒரு வார்த்தையும் கற்பிக்கவில்லை. பாட்டியும் கற்பிப்பதாக நினைத்துச் சொல்லவில்லை. தன் தொழிலைச் சொன்னார், அவ்வளவுதான். வீட்டுக் கலைத்திட்டம் என்றதும் இணையத்தில் யோசனை தேடுகிறோம். வீட்டுக்குள் ஐம்பது வருஷத் தொழில் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கிறார்.

மரத்தைத் தெரிந்துகொண்டதும் அதன் கதையும் வந்தது. 1877இல் நட்ட பால்மரங்களில் ஒன்று கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது என்று சொன்னேன். பிரேசில் விதை லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, சிங்கப்பூர் வழியாக வந்தது. "அதுலயும் கோடு இருக்குமா?" என்றாள். உடம்பு தேறியதும் போய்ப் பார்ப்பதாக ஒப்பந்தம். பாட்டி பொறுக்கி வைத்திருந்த விதைகளையும் வரைந்தாள். ஒரு காயில் மூன்று விதை. ஒவ்வொன்றின் ஓட்டிலும் பழுப்புப் புள்ளி வேறுவேறு மாதிரி. விதையை வைத்து விளையாடலாம், ஆனால் உடைத்து உள்ளே இருக்கும் பருப்பை வாயில் வைக்கக் கூடாது; பச்சைப் பருப்பில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் விதையை முழுதாகத்தான் பயன்படுத்த வேண்டும்.

நிறம்

கடை வண்ணத்தைக் கொஞ்ச நாள் தள்ளிவைத்துச் சமையலறைக்குப் போனோம். மஞ்சள்தூள் கரைசலில் வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு துளி விட்டால் இரத்தச் சிவப்பு. ஆரத்தித் தட்டில் ஆயிரம் முறை பார்த்தது, தூரிகையில் வரும்போது பாப்பாவுக்குப் புதிதாக இருந்தது. சங்குப்பூ ஊறிய நீர் நீலம். எலுமிச்சை பிழிந்தால் ஊதா, சோடா உப்பு போட்டால் பச்சைச் சாயல். எந்த நிறம் எதில் மாறும் என்று அவளே சின்னக் கட்டம் கட்டமாகத் தீட்டி அட்டவணை வைத்துக்கொண்டாள்.

மஞ்சள் ஓவியங்களைச் சுவரில் ஒட்டினாள். வெயில் படும் சுவர். சில வாரத்தில் நிறம் வெளுத்துப்போனது. அழுவாள் என்று அம்மா பயந்தார். அவளோ ஒரு படத்தின் மூலையில் நாட்காட்டி மறைத்திருந்த இடம் மட்டும் வெளுக்கவில்லை என்று கண்டுபிடித்து, அதை ஓடிவந்து காட்டினாள். அடுத்த வாரம் அந்தக் கண்டுபிடிப்பையே வேலையாக்கினோம். மஞ்சளை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் கரைத்து (இதை நான்தான் செய்தேன், அடுப்பிலிருந்து தள்ளி) தாளில் பூசி இருட்டில் காயவைத்தோம். அதன்மேல் பால்மரத்தின் மூவிலை ஒன்றை வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் விட்டோம். மத்தியானத்துக்கு மேல் எடுத்தபோது சுற்றிலும் வெளுத்து, இலை மட்டும் மஞ்சளாக நின்றது. செடிச்சாற்றால் இப்படிப் படம் பிடிக்கும் முறையை ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கில அறிவியலாளர் 1842இலேயே எழுதிவைத்திருக்கிறார். பாப்பாவுக்கு ஹெர்ஷல் முக்கியமில்லை. அவள் அடுத்துத் தன் கையை வைக்க முடியுமா என்று கேட்டாள். மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும் என்றதும் கையுறையை வைத்தாள்.

லயத்து மாதிரி

பெரிய வேலை இதுதான். பாட்டி குடியிருந்த பழைய லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) இடிக்கப்பட்டுப் பல வருஷம் ஆகிறது. படம் எதுவும் இல்லை. அதை அட்டைப்பெட்டியில் கட்டப்போகிறேன் என்று பாப்பாவே சொன்னாள். பாட்டி சொல்லச் சொல்ல வரைபடம் போட்டாள்: ஒரே கூரைக்கடியில் வரிசை வீடுகள், முன்னால் அஞ்சடி (தாழ்வாரம்), பின்னால் அடுப்படி, தள்ளிக் கக்கூஸ், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களம், முனியாண்டி கோயில். அளவுக்கு வழி அவளே கண்டாள். பாட்டி, "நாலு பாய் விரிக்கலாம்" என்றால், தீப்பெட்டி அட்டையில் பாய் வெட்டி நாலு விரித்துப் பார்த்து அறையின் அளவை முடிவுசெய்தாள்.

தண்ணீர்க் குழாய் எங்கே இருந்தது என்பதில் பாட்டிக்கும் அப்பாவுக்கும் தகராறு. பாட்டி கோயில் பக்கம் என்கிறார். அப்பா லயத்தின் கடைக்கோடி என்கிறார். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பாப்பா இரண்டு நாள் யோசித்துவிட்டு, குழாயை ஒரு தனி அட்டைத் துண்டில் நிற்கவைத்து, அடியில் காந்தம் வைத்துவிட்டாள். பாட்டி வரும்போது கோயில் பக்கம், அப்பா வரும்போது கடைக்கோடி. நான் என் குறிப்பேட்டில் அடிக்கோடு போட்ட இடம் இது.

அப்பா ஒருநாள், "எத்தன மார்க் தேறும் டீச்சர்?" என்று கேட்டார். மார்க் போட முடியாது, ஆனால் நான் பார்ப்பவற்றைச் சொல்ல முடியும் என்றேன். ஒரே பொருளை எத்தனை விதமாகப் பயன்படுத்துகிறாள், நடுவில் திட்டத்தை மாற்றத் துணிகிறாளா, கெட்டுப்போனதை என்ன செய்கிறாள், மறுநாள் தானாகத் திரும்பி வருகிறாளா. கடைசிக் கேள்விதான் எனக்குப் பெரிது. அலமாரி ஆந்தையை மறுபடி தொடாதவள், லயத்தை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

சரிப்படாதவை

காகிதக்கூழ் சரிப்படவில்லை. கோலகங்சாருக்கு எதிர்க்கரையில் சாயோங்கில் செய்யும் கறுப்பு லாபு (சுரைக்காய் வடிவ மண்) கூஜாவைப் படத்தில் காட்டியிருந்தேன். சூட்டோடு உமியில் புதைத்து எடுப்பதால் அதற்கு அந்தக் கறுப்பு. மண் கூடாதே என்று நாளிதழை ஊறவைத்து அரைத்துக் கூழில் ஒன்று செய்தாள். அடைமழைக் காலம். காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிட்டது. எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைக்குப் பூஞ்சை ஆகாது. பையில் கட்டி எறிந்தோம். மறுபடி செய்வதென்றால் பலூன்மேல் காகிதக் கீற்றுகளை மெல்லிய அடுக்காக ஒட்டி, ஒவ்வோர் அடுக்கையும் மின்விசிறியில் முழுக்கக் காயவிட வேண்டும், அதுவும் வெயில் காலத்தில்.

அம்மாவோடு பூத்தையல் போட்டுப் பார்த்ததும் ஓடவில்லை. அம்மாவுக்கு அது தொழில். ஒரு தையல் தவறினாலும் பிரிக்கச் சொல்வார். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டார்கள். பாட்டியின் தொழில் பிள்ளைக்குள் இறங்கியது, அம்மாவின் தொழில் இறங்கவில்லை. பாட்டி இப்போது மரம் வெட்டுவதில்லை, அவருக்கு வாடிக்கையாளரும் இல்லை. அந்த வித்தியாசமாக இருக்கலாம்.

இன்னொரு குறை வயதோடு வருவது. ஒன்பது வயதுக்கு மேல் பிள்ளைகள் தாங்கள் வரைந்தது அசலைப் போல் இல்லை என்று உணரத் தொடங்குவார்கள். கலைக்கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்டு இதை ஒரு வளர்ச்சிக் கட்டமாகவே வகுத்திருக்கிறார். ஆட்களை வரையும்போது பாப்பாவும் அழித்து அழித்துத் தாளைக் கிழிக்கிறாள். நிறைய பேர் வரைவதை நிறுத்துவது இந்த வயதில்தான். "நல்லாத்தானே இருக்கு" என்று சமாதானம் சொன்னால் நம்ப மாட்டார்கள். அவர்கள் கண் சரியாகத்தான் பார்க்கிறது. அழிப்பானை எடுத்துவைத்துவிட்டு, தாளைப் பார்க்காமல் பொருளின் விளிம்பை மட்டும் பார்த்து மெதுவாகக் கோடு இழுக்கச் சொல்லியிருக்கிறேன். பாட்டியின் கை அப்படித்தான் வந்தது. விரல் ஆறு இருக்கிறது, ஆனால் அது பாட்டியின் கை என்று யாரும் சொல்லிவிடலாம்.

இப்போதைய நிலை

மருந்தின் அளவு குறைந்துவருகிறது. சரியாகப் போனால் அடுத்த ஆண்டு பள்ளிக்குத் திரும்பலாம். பள்ளியின் காட்சிக்கலைப் பாடத்தில் வரைதல், கோலமும் வடிவமைப்பும், உருவம் செய்தல், பாரம்பரியக் கைவினை என்று நான்கு பகுதி உண்டு. முதல் மூன்றுக்கும் காட்ட அவளிடம் வேலை இருக்கிறது. எல்லாவற்றின் பின்புறமும் தேதி போட்டுக் கோப்பில் வைத்திருக்கிறோம். வெளுத்துப்போன மஞ்சள் படத்தையும் வைக்கலாமா என்று அம்மா தயங்கினார். பாப்பா அதைத்தான் முதல் பக்கத்தில் செருகியிருக்கிறாள்.

நான்காவதற்குப் பத்திக் செய்யப்போகிறோம்; துணியில் மெழுகால் கோடு போட்டு, அந்த இடத்தில் நிறம் ஏறாமல் தடுக்கும் கைவினை அது. உருக்கிய மெழுகு இந்த வயதுக்கு வேண்டாம். கோதுமை மாவைத் தண்ணீரில் தோசைமாவுப் பதத்துக்குக் கரைத்து, பழைய சாஸ் புட்டியில் ஊற்றித் துணியில் கோடு போட்டுக் காயவிட வேண்டும். காய்ந்ததும் துணியைக் கசக்கினால் மாவில் வெடிப்பு விழும்; மேலே அக்ரிலிக் வண்ணம் பூசினால் வெடிப்புக்குள் நிறம் இறங்கி, மெழுகுப் பத்திக்கில் வரும் அதே நரம்புக்கோடு கிடைக்கும். வண்ணம் உலர்ந்தபின் ஊறவைத்து மாவைச் சுரண்டிவிடலாம். துணிக்கு அம்மாவின் ரவிக்கை லைனிங் துண்டுகள் இருக்கின்றன. பருத்தியாகப் பார்த்து எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். பாலியெஸ்டரில் வண்ணம் சரியாகப் பிடிக்காது.